சட்டப் படிப்பின் இரண்டு வாசல்கள்

மலேசியாவில் சட்டம் படிக்கும் மாணவர் மலாய்க்காரரோ சீனரோ கடசான்காரரோ, ராமச்சந்திரனைக் கடக்காமல் நிர்வாகச் சட்டத் தேர்வுக்குப் போக முடியாது. வேலையிழந்த ஓர் ஊழியர் தொழில் நீதிமன்றத்தின் முடிவை எதிர்த்துப் போராடிய வழக்கு அது. கீழ் அமைப்பு எடுத்த முடிவின் நடைமுறையை மட்டுமல்லாமல் அதன் நியாயத்தையும் நீதிமன்றம் ஆராயலாம், உரிய பரிகாரத்தையும் தானே வழங்கலாம் என்ற நிலைப்பாட்டுக்கு 1990களின் நடுவில் வழி திறந்த தீர்ப்பு. அடிப்படை உரிமைகள் பாடத்துக்குப் போனால் அங்கே சிவராசா ராசையாவின் வழக்கு இருக்கிறது. பிள்ளைகளின் மதமாற்றமும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரமும் என்ற பகுதியில் ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி இருக்கிறார். தமிழ்ப் பெயர்கள் வழக்குத் தலைப்புகளாகி நாட்டின் எல்லா இன மாணவர்களின் நாவிலும் புழங்குகின்றன.

ஆனால் இந்தப் பெயர்கள் சட்டமாக மட்டுமே படிக்கப்படுகின்றன. ஒரு சமூகத்தின் வரலாறாக யாரும் அவற்றைக் கோத்துப் படிப்பதில்லை. வழக்கின் தலைப்பில் நிற்பவர், வாதாடியவர், தீர்ப்பெழுதியவர், நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தவர் எல்லாம் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள்? கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்படுபவர் இரண்டு வாசல்களைக் காண்பார். ஒன்று அரசு கட்டியது. மற்றொன்றைப் படிக்க விரும்பியவர்களே திறந்துகொண்டார்கள்.

இதற்கு ஓர் ஒப்பீடு அமெரிக்காவில் உண்டு. அங்குள்ள சட்டக் கல்லூரிகளில் பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்றுக்கு உரியது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1926இல் ஒரு வார நிகழ்வாகத் தொடங்கியது, பின்னர் மாதமாக வளர்ந்தது. அங்கே கொண்டாடுவதற்குத் தெளிவான நாள்கள் இருக்கின்றன, ஏனென்றால் கதவுகள் வழக்குப் போட்டுத் திறக்கப்பட்டவை. ஹூஸ்டன் நகரத் தபால்காரர் ஹீமன் ஸ்வெட் 1946இல் டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் இடம் கிடைக்கவில்லை. வழக்கு வந்ததும் மாநில அரசு கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு சட்டக் கல்லூரியையே தொடங்கியது. தர்குட் மார்ஷல் வாதாடிய அந்த வழக்கில் 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நூலகத்தில் எத்தனை புத்தகம் என்ற கணக்கோடு நீதிபதிகள் நிற்கவில்லை. நாளைக்கு எதிர்த்து வாதாடப்போகும் வழக்கறிஞரையும், முன்னால் அமரப்போகும் நீதிபதியையும், கூண்டில் ஏறப்போகும் சாட்சியையும் ஒதுக்கிவைத்துவிட்டு நடக்கும் சட்டப் படிப்பு முழுமையாகாது என்றார்கள். இந்த வாதம் கோலாலம்பூருக்கும் பொருந்தும் என்பதால் பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

மலாயாவில் தமிழர்கள் சட்டத்துக்குள் முதலில் நுழைந்தது எழுத்தர்களாகத்தான். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவிலை நிறுவியவரும் விக்டோரியா கல்விக்கழகத்தின் நிறுவனர்களில் ஒருவருமான தம்புசாமிப் பிள்ளை, சிங்கப்பூரில் டேவிட்சன் என்ற ஆங்கில வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது பிள்ளையும் உடன் வந்தார். நகரின் தமிழ்ப் பெருந்தனக்காரர் ஒருவரின் வாழ்க்கை ஒரு வழக்கறிஞரின் மேசையருகே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அவருக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் ரயில்வேக்கும் கருவூலத்துக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கிராணிகளாக வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளும், 1904இல் அங்கே எழுந்த விவேகானந்தா ஆசிரமமும் அந்தத் தலைமுறையின் தடங்கள். தந்தை எழுத்தராக இருந்த வீட்டில் மகன் வழக்கறிஞராக வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே முளைத்தது.

ஆசைக்கு வழி லண்டன் ஒன்றுதான். மலாயாவில் சட்டக் கல்லூரி கிடையாது. கப்பல் கட்டணமும் லண்டன் செலவும் தாங்கக்கூடிய குடும்பங்களே பிள்ளைகளை அனுப்பின. சட்டம் படித்தவர்கள் அரசியலிலும் முன்னுக்கு வந்தார்கள். 1946 ஆகஸ்டில் தொடங்கிய மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் தீவி ஒரு வழக்கறிஞர். பின்னர் அப்பொறுப்புக்கு வந்த கே. எல். தேவாசரும் வழக்கறிஞர். கோலாலம்பூரின் ஆர். ரமணி ஐநா சபைக்கு மலேசியாவின் தூதராகி, 1965 மே மாதத்தில் பாதுகாப்புச் சபைக்கே தலைமை தாங்கினார். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் ஏழைகளின் வழக்கறிஞர்கள் என்று பெயரெடுத்து ஒரு கட்சியையே நடத்தினார்கள்.

பெருமைக்குரிய பட்டியல்தான். ஆனால் அதில் இல்லாதவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும். ரமணி உயர்நீதிமன்றத்தில் வாதாடிய காலத்தில், கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்குச் சட்டம் என்றால் துரையும் கங்காணியும்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ மேல்நிலை ஊழியரையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். வழக்கறிஞர்கள் நிறைந்த ஒரு சமூகத்திலேயே சைக்கிளில் அமர்ந்து செல்லும் உரிமைக்காக உயிர் போனது. நகரத் தமிழருக்கும் தோட்டத் தமிழருக்கும் இடையே கிடந்த இந்தப் பள்ளத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்தச் சாதனைப் பட்டியலும் பாதிக் கதைதான்.

உள்நாட்டில் சட்டக் கல்வி 1957இல் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நாடு பிரிந்த பிறகு கோலாலம்பூருக்கென்று ஒரு சட்டப் புலம் 1972இல்தான் அமைந்தது. சிங்கப்பூரின் சட்டத்துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் அகமது இப்ராகிம் முதல் புலத் தலைவர். 1976இல் முதல் அணி பட்டம் பெற்றது. பிற்காலத்தில் அதே புலத்துக்குத் தலைமை ஏற்ற விசு சின்னதுரை, ஒப்பந்தச் சட்டம் குறித்து எழுதிய நூல் இன்றும் மேற்கோளாக வருகிறது. அவர் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார்.

காலம் கவனிக்கத்தக்கது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1971இல் அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு திருத்தப்பட்டு, உயர்கல்விக் கூடங்களில் பூமிபுத்ரா (மலாய், பூர்வகுடி) மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வழிசெய்யப்பட்டது. அன்று மலாய் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு, கிராமத்து மலாய்ப் பிள்ளைக்கு லண்டன் என்பது தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இருந்த அளவுக்கே தூரம். அந்த அநீதியைத் திருத்த ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்பாடு இனத்தை அளவுகோலாகக் கொண்டதால், ரப்பர் தோட்ட வரிசை வீட்டிலிருந்து வந்த பிள்ளையும் வசதியான வழக்கறிஞரின் பிள்ளையும் ஒரே பெட்டியில் விழுந்தார்கள். குறைந்த இடங்களுக்கு நெருக்கியடித்தவர்களில் வசதியானவர் வெளிநாடு போனார். மற்றவர்?

அவர்களுக்குக் கிடைத்ததுதான் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டம். 1858 முதல் அந்தப் பல்கலைக்கழகம், தன் வளாகத்தில் காலடி வைக்காதவர்களுக்கும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் இருந்தபடியே பாடத்திட்டத்தை வாங்கிப் படித்து, இங்கேயே தேர்வு எழுதலாம். பகலில் பள்ளியாசிரியர், வங்கி எழுத்தர், போலீஸ் அதிகாரி, தாதி. மாலையில் சட்ட மாணவர். சம்பளத்தில் ஒரு பகுதி தேர்வுக் கட்டணத்துக்குப் போகும், பிள்ளைகள் தூங்கிய பிறகு பழைய வினாத்தாள் விரியும். இந்தத் தேவையை நம்பித்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் சட்டக் கல்லூரிகள் முளைத்தன. அவற்றில் பெயர் பெற்ற ஒன்றை ராஜா சிங்கம் 1991இல் பிரிக்பீல்ட்சில் தொடங்கினார். வட்டாரத்தின் பெயரையே சூடிய அக்கல்லூரி பின்னர் பெட்டாலிங் ஜெயாவுக்கு இடம் மாறி, பிரிக்பீல்ட்ஸ் ஆசியா கல்லூரியாக வளர்ந்தது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும் பூக்கடைகளும் ரயில் சத்தமும் கலந்த ஒரு வட்டாரத்தின் பெயர் நாடு முழுவதும் சட்டப் படிப்பின் அடையாளமானது.

இந்த வாசலுக்குள் நுழைவது எளிது, வெளியே வருவது கடினம். 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டப்படி மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரி நேராகச் சேம்பரிங் என்ற பயிற்சிக் காலத்துக்குப் போகலாம். லண்டன் எல்எல்பி பட்டம் வைத்திருப்பவர் சிஎல்பி என்ற சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வை முதலில் தாண்ட வேண்டும். 1984 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தத் தேர்வு சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை, பொதுத் தாள் என்று ஐந்து தாள் கொண்டது. ஒரு தாளில் தவறி மறுபடி எழுதியவர்கள் ஏராளம். அதைத் தாண்டினால் ஒன்பது மாதச் சேம்பரிங். அதன்பிறகே கறுப்பு அங்கி. ஒரே நீதிமன்றத்தில் ஒரே தொழிலுக்கு வரும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுவர். எல்லாப் பட்டதாரிகளுக்கும் பொதுவான ஒரே தகுதித் தேர்வு வேண்டும் என்ற கோரிக்கை இதிலிருந்துதான் பிறந்தது. நியாயமான கோரிக்கை அது.

டெக்சஸ் தீர்ப்பு இங்கேதான் பேசத் தொடங்குகிறது. ஷா ஆலமில் இருக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. அங்கும் பெரிய சட்டப் புலம் உண்டு. அங்கே படிக்கும் மலாய் இளைஞர், நாளை கிள்ளான் நீதிமன்றத்தில் தன்னோடு மோதப்போகும் தமிழ் வழக்கறிஞரோடு ஒருமுறைகூட ஒரே மேசையில் அமர்ந்து மாதிரி வழக்கு நடத்தியிருக்க மாட்டார். மறுபக்கம், தனியார் கல்லூரி மாலை வகுப்பில் மலாய் நண்பர் அரிது. இழப்பு இருபக்கமும். ஒதுக்கீட்டைப் பற்றிய விவாதம் எப்போதும் யாருக்கு எத்தனை இடம் என்ற கணக்கிலேயே முடிந்துபோகிறது. யார் யாரோடு சேர்ந்து சட்டம் கற்கிறார்கள் என்பதை 1950இல் ஒன்பது நீதிபதிகள் பார்த்தார்கள். மலேசியாவில் அந்தக் கோணத்திலிருந்து கேட்பவர்கள் இன்னும் குறைவு.

ஆச்சரியம் என்னவென்றால், படிப்பில் பிரிந்திருந்தவர்கள் தொழிலில் கலந்துவிட்டார்கள். மலேசிய வழக்கறிஞர் மன்றம் இனவாரியாகப் பிரிந்த அமைப்பு அல்ல. 2007 முதல் 2009 வரை அதன் தலைவராக இருந்த அம்பிகா சீனிவாசன், அப்பொறுப்புக்கு வந்த இரண்டாவது பெண். அவருக்குப் பின் ரகுநாத் கேசவன், சில ஆண்டுகள் கழித்து ஸ்டீவன் திரு, 2021இல் ஏ. ஜி. காளிதாஸ் என்று தலைமை பலமுறை இந்திய வம்சாவளியினரிடம் வந்தது. இந்தியர் மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு, எல்லா இனத்தாரும் வாக்களித்துத்தான் இவர்கள் வந்தார்கள். 2007 செப்டம்பர் 26 அன்று நீதித்துறையைச் சீர்திருத்தக் கோரி ஏறத்தாழ இரண்டாயிரம் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் கறுப்பு உடையில் நடந்தபோது அம்பிகா முன்னால் நின்றார். நீதிபதி நியமனத்தில் பேரம் நடந்ததைக் காட்டிய ஓர் ஒளிப்பதிவே அந்த நடைக்குக் காரணம். அதில் தொலைபேசியில் பேசியவரும் இந்திய வம்சாவளி வழக்கறிஞர்தான். அரச விசாரணை ஆணையம் அந்தப் பதிவை உண்மையென்று ஏற்றது. கொண்டாட்டம் என்ற பெயரில் இந்தப் பக்கத்தைக் கிழித்தெறிவது சரியல்ல.

அதே ஆண்டில் கிள்ளானும் பேசியது. ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்ட சூடு ஆறாத நிலையில், இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் உதயகுமார், வேதமூர்த்தி, கணபதிராவ் மூவர் மீதும் நவம்பர் 23 அன்று கிள்ளான் நீதிமன்றத்தில் தேசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. இரண்டு நாள் கழித்துக் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மறுநாள் மூவரும் விடுவிக்கப்பட்டனர். மூவரும் வழக்கறிஞர்கள். டிசம்பர் 13 அன்று விசாரணையின்றித் தடுத்துவைக்கும் இசா சட்டத்தில் கைதாகிக் கமுந்திங் முகாமுக்குப் போன ஐவரில் நால்வர் வழக்கறிஞர்கள். அவர்களில் மனோகரன் தடுப்புக் காவலில் இருந்தபடியே 2008 மார்ச் 8 தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதியை வென்றார். 1941இல் சட்டம் படித்தவர்கள் கிள்ளான் தோட்டத் தொழிலாளருக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். 2007இல் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காகச் சிறை செல்லச் சட்டம் படித்தவர்கள் இருந்தார்கள். அந்த அறுபத்தாறு ஆண்டு இடைவெளியை நிரப்பியதில் மாலை வகுப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிரிக்பீல்ட்சுக்குத் திரும்பினால் 2009 மே 7ஆம் நாள் இரவு நினைவுக்கு வர வேண்டும். ஒரு கைதைக் கண்டித்து மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்களைப் பிரிக்பீல்ட்ஸ் போலீசார் பிடித்தார்கள். அவர்களைச் சந்திக்க வந்த ஐந்து இளம் வழக்கறிஞர்களையும் போலீசார் கைதுசெய்தார்கள். கோலாலம்பூர் இலவசச் சட்ட உதவி மையத்தைச் சேர்ந்த அந்த ஐவரில் மலாய்க்காரரும் உண்டு, பஞ்சாபியரும் உண்டு. வழக்கறிஞர் மன்றம் உடனே அவசரப் பொதுக்கூட்டம் கூட்டியது. மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு வெள்ளி கொடுத்துத் தாங்கும் அந்த மையத்தில் சேம்பரிங் மாணவர்கள் எந்த வாசல் வழியாக வந்தவர்களானாலும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். படிக்கும்போது கிடைக்காத அறிமுகம் போலீஸ் நிலைய வாசலில் கிடைக்கிறது.

சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் 2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்த இளைஞர் குகனின் குடும்பத்துக்காக வழக்காடியவர்களில் என். சுரேந்திரனும் லத்தீபா கோயாவும் இருந்தார்கள். 2013இல் நீதிபதி வி. டி. சிங்கம் 801,700 வெள்ளி இழப்பீடு விதித்தார். இந்திரா காந்திக்காக எம். குலசேகரனும் கே. சண்முகாவும் ஃபாஹ்ரி அசாட்டும் வாதாடினார்கள். ஒரு பெற்றோரின் சம்மதத்தோடு மட்டும் பிள்ளையை மதம் மாற்ற முடியாது என்ற 2018 ஜனவரி 29ஆம் நாள் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண். ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இருந்தார்கள். ஒருங்கிணைப்பு என்பதற்கு இதைவிட உறுதியான சான்றைப் பாடப்புத்தகம் தர முடியாது. ஆயினும் கைக்குழந்தையாகப் பிரிந்த மகள் தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தாயின் கைக்கு வரவில்லை. சட்டம் வென்ற பிறகும் தாய் காத்திருந்தார்.

நீதிபதி இருக்கையிலும் தடங்கள் ஆழமானவை. கோபால் ஸ்ரீராம் 1994இல் வழக்கறிஞர் நிலையிலிருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்ற முதலாமவர். உயிர்வாழும் உரிமை என்பது வெறும் மூச்சு மட்டுமல்ல, பிழைப்பும் சேர்ந்தது என்று அவர் எழுதியது ஒரு சீன ஆசிரியரின் வழக்கில். டிங்கில் வட்டாரத்துத் தெமுவான் பழங்குடியினரின் நிலவுரிமையை 2005இல் உறுதிசெய்ததும் அவரே. நளினி பத்மநாதன் 2018இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 2021இல் மலேசியாகினி அவமதிப்பு வழக்கில் தன்னந்தனியாக மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். வாசகர் கருத்துகளுக்காக ஒரு செய்தித்தளத்தைத் தண்டிக்க அவர் இணங்கவில்லை. இத்தீர்ப்புகளால் பயனடைந்தவர்கள் எல்லா இனத்தாரும்.

ஆகவே தமிழ் வழக்கறிஞர்களின் வரலாற்றுக்கு ஒரு கண்காட்சி வைத்து, மாலை போட்டு, தீபாவளி விருந்தோடு முடித்துக்கொள்வது போதாது. சட்ட வரலாறு என்ற பாடத்துக்குள்ளேயே அது வர வேண்டும். ராமச்சந்திரன் வழக்கைப் படிக்கும் மலாய் மாணவருக்கு 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும் தெரிய வேண்டும். சிஎல்பி எழுதும் தமிழ் மாணவருக்கு 1970இல் மலாய் வழக்கறிஞர்கள் எத்தனை குறைவு என்பதும் தெரிய வேண்டும். பகலில் வேலை செய்து இரவில் லண்டன் எல்எல்பி படித்த முதல் தலைமுறையினருக்கு இன்று வயது எழுபதைத் தொடுகிறது, தாண்டுகிறது. அவர்களுடைய குறிப்பேடுகளும் நினைவுகளும் வீடுகளில் கிடக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் சட்டப் புலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்த வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் வேலையை அவை இரண்டும் சேர்ந்து இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.